ஸ்வீடன் முன்னோரைத் தேடுவது எப்படி: பெயரை விட்டு ஊரைப் பிடியுங்கள்

ஸ்வீடிஷ் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடத் தொடங்குகிறவர்கள் முதலில் செய்வது, தேடல் பெட்டியில் 'ஆண்டர்சன்' என்று தட்டுவதுதான். ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். அதில் நமக்கு வேண்டிய ஆள் யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாத வேலை என்று மூடிவைத்துவிடுவார்கள். உண்மையில், சாதாரண விவசாயக் குடும்பத்தைக்கூட முந்நூறு ஆண்டு பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போகக்கூடிய அரிய நாடுகளில் ஸ்வீடன் ஒன்று. அரசகுலம், பிரபுகுலம் என்று இருக்க வேண்டியதில்லை. மாடு மேய்த்தவரும், அடுத்தவர் வீட்டில் அடுப்படி வேலை செய்தவரும் அங்கே பதிவாகியிருக்கிறார்கள்.

வழி தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த வழி பெயரில் இல்லை, ஊரில் இருக்கிறது. ஸ்வீடிஷ் பெண்ணை மருமகளாக ஏற்ற தமிழ்க் குடும்பங்களில், பேரப்பிள்ளைக்கு அம்மா பக்கத்து வம்சத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஸ்வீடிஷ் மொழி தெரியாமலே அவர்களும் இதைச் செய்யலாம். ஓர் ஐம்பது சொல் கற்றுக்கொண்டால் போதும்.

பெயர் எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, ஸ்வீடிஷ் கிராமத்து மக்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயர்தான் ஒட்டிக்கொண்டு வரும். நாம் அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்வது போலத்தான். நில்ஸ் என்பவரின் மகன் ஆண்டர்ஸ் என்றால், அவர் ஆண்டர்ஸ் நில்சன். ஆண்டர்ஸுக்குப் பிறந்த கார்ல், கார்ல் ஆண்டர்சன். கார்லின் மகன் யோஹான், யோஹான் கார்ல்சன். மூன்று தலைமுறை, மூன்று 'கடைசிப் பெயர்'. ஆண்டர்சனைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் ஒரே தலைமுறையில் முட்டி நின்றுவிடுவீர்கள்.

பெண்களுக்கு 'சன்' இடத்தில் 'டோட்டர்' வரும். அதே நில்ஸின் மகள் ஷெர்ஸ்டின் என்றால் ஷெர்ஸ்டின் நில்ஸ்டோட்டர். அண்ணன் நில்சன், தங்கை நில்ஸ்டோட்டர், அப்பாவோ யோன்சன். ஒரே வீட்டில் மூன்று விதம். கல்யாணமானால் இனிஷியலை மாற்றிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அந்தக் கிராமங்களில் அது இல்லை. ஷெர்ஸ்டின் யாரைக் கட்டிக்கொண்டாலும் சாகும்வரை நில்ஸ்டோட்டர்தான். தேடுகிறவர்களுக்கு இது பெரிய வரம். எழுபது வயதில் இறந்த கிழவியின் சாவுப் பதிவில்கூட அவருடைய அப்பா பெயர் கிடைத்துவிடுகிறது. மற்ற ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பெண்வழியைத் தேடுவதுதான் கஷ்டம். ஸ்வீடனில் ஆண்வழி எவ்வளவு சுலபமோ, பெண்வழியும் அவ்வளவு சுலபம். அதனால் ஆண்வழியோடு நிறுத்திவிடாதீர்கள்.

இந்த வழக்கம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. ஊர்களில் பெரும்பாலும் 1860களுக்குப் பிறகு, ஒவ்வொரு குடும்பமாக, அப்பாவின் 'சன்' பெயரையே பிள்ளைகளும் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். 1901இல் வந்த குடும்பப் பெயர் ஆணை அந்தப் போக்கை உறுதிசெய்தது. பெண்களும் 'டோட்டரை' விட்டுவிட்டு 'சன்' என்று எழுத ஆரம்பித்தார்கள். 1920இல் இயற்றிய திருமணச் சட்டத்துக்குப் பிறகுதான் மனைவிக்குக் கணவன் பெயர் என்பது பொதுவிதி ஆனது. ஆகவே 1870க்கும் 1910க்கும் இடையில் பிறந்த ஒரு ஆண்டர்சனைப் பார்த்தால் அப்பா பெயர் ஆண்டர்ஸ் என்று முடிவுகட்ட வேண்டாம். அப்பா பெயர் குஸ்தாஃப் ஆண்டர்சன் என்றும் இருக்கலாம். பிறப்புப் பதிவைப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

'சன்' இல்லாத பெயர்கள் தனிக்கதை. அவற்றில் பட்டாளத்துப் பெயர்தான் புதியவர்களை அதிகம் குழப்புகிறது. பதினோராம் கார்ல் மன்னர் 1682 முதல் ஒரு படைமுறையைக் கொண்டுவந்தார். சில பண்ணைகள் சேர்ந்து ஒரு சிப்பாயை நிறுத்த வேண்டும். அவருக்கு ஒரு குடிசையும் துண்டு நிலமும் கொடுக்க வேண்டும். ஒரே படைப்பிரிவில் பத்து ஆண்டர்ஸ் நில்சன் இருந்தால் கட்டளையிடுவது எப்படி? அதனால் ஆளுக்கொரு குட்டிப் பெயர் வைத்தார்கள். ராஸ்க், மூடிக் என்று குணத்தைச் சொல்வது. ஷோல்ட், ஸ்வார்ட், லான்ஸ் என்று ஆயுதத்தைச் சொல்வது. இந்தப் பெயர் பல இடங்களில் ஆளுக்குச் சொந்தமில்லை, அந்தக் குடிசைக்குச் சொந்தம். ராஸ்க் ஓய்வுபெற்றுப் போனால், அடுத்து வந்தவரும் ராஸ்க். இரண்டு பேருக்கும் ரத்த உறவு எதுவும் இருக்காது. பழைய ராஸ்க் மறுபடி நில்சன் ஆகியிருப்பார், அல்லது ராஸ்க் பெயரையே வைத்துக்கொண்டிருப்பார். அவர் பிள்ளைகளில் ஒருவர் ராஸ்க், இன்னொருவர் ஆண்டர்சன் என்றும் இருக்கும். ஒரே ஊரில் ஒரே பட்டாளப் பெயரைப் பார்த்ததும் அப்பா, மகன் என்று கோடு போட்டுவிடும் தவறு இணையத்தில் உள்ள வம்ச மரங்களில் ஏராளம். அந்த மரங்களை அப்படியே நம்ப வேண்டாம்.

ஊரில் கைத்தொழில் செய்தவர்களும் நகரத்துக்குப் போனவர்களும் இயற்கையிலிருந்து இரண்டு துண்டை எடுத்து ஒட்டிப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பெரிஸ்ட்ரோம் என்றால் மலையும் நீரோட்டமும், லிண்ட்கிரென் என்றால் லிண்டன் மரமும் கிளையும். சொந்தச் சகோதரர்கள் ஆளுக்கொரு பெயர் எடுத்துக்கொண்டதும் உண்டு. படிக்கப்போன போதகர்கள் லத்தீன் வாலும் கிரேக்க வாலும் சேர்த்துக்கொண்டார்கள். தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் அப்பா பிறந்தபோது நில்ஸ் இங்கெமார்சன்தான். பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது குடும்ப நிலத்தில் நின்ற லிண்டன் மரத்தை வைத்து லின்னேயஸ் என்று பெயர் எடுத்துக்கொண்டார். மகன் கார்ல் பிரபுகுலத்துக்கு உயர்ந்தபோது அது ஃபான் லின்னே ஆயிற்று.

டாலர்னா மாகாணத்தில் இன்னொரு வழக்கம். பண்ணையின் பெயர் ஆள் பெயருக்கு முன்னால் வரும். கல்யாணம் செய்துகொண்டு மனைவியின் பண்ணைக்குக் குடிபோகிற மாப்பிள்ளை அந்தப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வார். உங்கள் ஆள் டாலர்னாக்காரர் என்றால் அப்பா பெயரைவிடப் பண்ணைப் பெயர்தான் உங்களை வழிநடத்தும்.

முதல் பெயரும் ஒரே மாதிரி நிற்காது. கத்தரீனா, காரின், காய்சா மூன்றும் ஒரே பெண்ணாக இருக்கலாம். கிறிஸ்டினா, ஸ்டினா, ஷெர்ஸ்டின் அப்படியே. மார்கரெட்டா என்று ஞானஸ்நானம் பெற்றவள் வாழ்நாள் முழுக்க கிரேட்டா. பெர், பேட்டர், பியெட்டர். யான், யோன், யோஹான், யோஹான்னஸ் எல்லாம் ஒன்றுக்கொன்று மாறி வரும். எழுதிய போதகரின் விருப்பம்தான் எழுத்துக்கூட்டு. பெயர் வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காக ஆளை ஒதுக்காதீர்கள். பிறந்த தேதி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்

உங்களுக்கு வேண்டியது மூன்று: ஒரு முதல் பெயர், பிறந்த தேதி, பிறந்த பங்கு. பங்கு என்பது ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்களின் தொகுதி, ஸ்வீடிஷில் சொக்கென். கடைசிப் பெயர் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வீட்டில் இருக்கும் பழைய பைபிளின் முதல் பக்கம், கல்லறைக் கல், பழைய கடிதத்தின் மேலுள்ள ஊர்ப் பெயர், இவற்றிலிருந்து தொடங்குங்கள். பெரியவர்களைக் கேளுங்கள். 'ஸ்மோலாண்டிலிருந்து வந்தவர்கள்' என்று மாகாணத்தை மட்டும் சொன்னால் போதாது. ஸ்மோலாண்ட் ஒன்றுக்குள்ளேயே மூன்று நிர்வாக மாவட்டங்களும் நூற்றுக்கும் மேற்பட்ட பங்குகளும் இருக்கின்றன. பங்கின் பெயர் தெரிந்தால்கூட எந்த மாவட்டம் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். யுங்பி என்ற பெயரில் ஸ்மோலாண்டிலும் உண்டு, ஹாலாண்டிலும் உண்டு.

ஆள் 20ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனிலேயே இறந்தவர் என்றால் வேலை எளிது. ஸ்வீடிஷ் வம்சாவளி ஆய்வுச் சங்கங்களின் கூட்டமைப்பு வெளியிடும் இறந்தோர் தொகுப்பு ஒன்று இருக்கிறது, 'ஸ்வேரியஸ் டோட்பூக்' என்று பெயர். அதில் இறந்தவரின் பிறந்த தேதி, பிறந்த பங்கு இரண்டும் கிடைக்கும். ஸ்வீடன் நூலகங்கள் பலவற்றில் இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்காவுக்குப் போனவர் என்றால் கோத்தன்பர்க் போலீஸ் வைத்திருந்த புலம்பெயர்ந்தோர் பட்டியல் 1869 முதல் இருக்கிறது. கப்பல் ஏறியவரின் பெயர், வயது, புறப்பட்ட ஊர், போகுமிடம் எல்லாம் அதில் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படிப் போனார்கள். அதனால் உங்கள் குடும்பத்திலும் ஒரு அமெரிக்கக் கிளை இருக்கலாம்.

எந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது

1686இல் வந்த சர்ச் சட்டம், ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, குடிமாற்றம் எல்லாவற்றையும் போதகர் எழுதிவைக்க வேண்டும் என்று விதித்தது. அதற்கு முன்பே எழுதத் தொடங்கிய பங்குகளும் உண்டு, சட்டம் வந்து பல ஆண்டு கழித்துத் தொடங்கியவையும் உண்டு. 1991 ஜூன் வரை நாட்டின் மக்கள் பதிவே சர்ச்சின் கையில்தான் இருந்தது. அதன் பிறகுதான் அது வரித்துறைக்குப் போனது.

பதிவுகள் ஆங்கில எழுத்துக் குறியீட்டோடு அடுக்கப்பட்டிருக்கும். ஏ என்றால் வீட்டுப் பதிவேடு. பி குடிமாற்றம், சி பிறப்பும் ஞானஸ்நானமும், இ கல்யாணம், எஃப் சாவும் அடக்கமும். எழுத்தை அடுத்து வரும் எண், அந்த வரிசையில் எத்தனையாவது புத்தகம் என்பது. இந்தக் குறியீடு நாடு முழுக்க ஒன்றே, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பார்க்கும் இடங்கள் மூன்று. தேசிய ஆவணக் காப்பகமான ரிக்ஸ்ஆர்கிவெட் தன் டிஜிட்டல் பக்கங்களை 2018 முதல் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. பல பக்கங்கள் பழைய மைக்ரோஃபிலிமிலிருந்து வந்தவை, கறுப்பு வெள்ளை. ஆர்கிவ் டிஜிட்டல் என்ற கட்டணச் சேவை புத்தகங்களைப் புதிதாக வண்ணத்தில் படம் பிடித்திருக்கிறது. மங்கிய மையை வாசிக்க வண்ணம் எவ்வளவு உதவும் என்று பார்த்தால்தான் தெரியும். ஃபேமிலிசர்ச் இலவசம், பெயர் வைத்துத் தேடும் வசதியும் உண்டு. புதியவர்கள் ரிக்ஸ்ஆர்கிவெட்டில் தொடங்கலாம். ஆர்வம் பிடித்துவிட்டால் ஒரு மாதத்துக்கு மட்டும் ஆர்கிவ் டிஜிட்டலுக்குப் பணம் கட்டிப் பாருங்கள். எழுபது ஆண்டுக்கு உட்பட்ட மக்கள் பதிவுகளுக்கு ரகசியக் காப்பு உண்டு, அதனால் மிக அண்மைக் காலத்தை இணையத்தில் தேடிப் பயனில்லை.

வீட்டுப் பதிவேடுதான் முதுகெலும்பு

பிறப்புப் பதிவும் சாவுப் பதிவும் எல்லா நாட்டிலும் உண்டு. வீட்டுப் பதிவேடுதான் ஸ்வீடனையும் பின்லாந்தையும் மற்ற நாடுகளிலிருந்து பிரித்துக்காட்டுவது. இதன் ஸ்வீடிஷ் பெயர் ஹூஸ்ஃபர்ஹோர்ஸ்லெங்ட். போதகர் ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு ஊருக்கும் போய், வீட்டில் உள்ளவர்களைக் கூட்டி வைத்துத் தேர்வு நடத்துவார். வாசிக்கத் தெரிகிறதா, லுத்தரின் சிறிய ஞானோபதேசம் மனப்பாடமா, அதன் பொருள் புரிந்திருக்கிறதா என்று கேட்பார். நம் ஊர் லுத்தரன் சபைகளில் பிள்ளைகள் படிக்கும் அதே ஞானோபதேசம்தான். மதிப்பெண்ணுக்குப் பதில் சின்னச் சின்னக் கோடுகளும் வளைவுகளும் போடுவார். தேர்வு நடத்த வேண்டுமென்றால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக எழுதிய பட்டியல்தான் இன்று நமக்குப் பொக்கிஷம். ஒரு புத்தகம் பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஓடும். 1895 முதல் தேர்வுக் கட்டங்கள் போய், 'சபைப் புத்தகம்' என்ற பெயரில் அதே பட்டியல் தொடர்கிறது.

ஒரு பக்கத்தை வாசித்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக நான் கற்பனையாக அமைத்தது, ஆனால் உண்மையான பக்கங்கள் இப்படித்தான் இருக்கும். ஸ்மோலாண்டில் ஸ்காட்டெலோவ் பங்கு, 1841 முதல் 1845 வரையிலான புத்தகம். பக்கத்தின் தலையில் ஊர்ப் பெயர், அதன் கீழ் பண்ணைப் பெயர். முதல் வரியில் விவசாயி நில்ஸ் யோன்சன், பிறந்தது 1798. இரண்டாவது வரியில் 'ஹெச்' என்று ஒற்றை எழுத்து, பிறகு ஸ்டினா ஆண்டர்ஸ்டோட்டர், 1803. அந்த 'ஹெச்' மனைவியைக் குறிக்கும் ஹுஸ்ட்ருவின் சுருக்கம். அடுத்து 'எஸ்' ஆண்டர்ஸ், 1826. 'டி' ஷெர்ஸ்டின், 1829. 'டி' மாயா, 1834. எஸ் மகன், டி மகள். பிள்ளைகளுக்கு அப்பா பெயர் எழுதியிருக்காது, எழுதத் தேவையில்லை. அதற்கும் கீழே 'டிஆர்' பேட்டர் ஸ்வென்சன், 'பி' லீசா லார்ஸ்டோட்டர். டிஆர் என்றால் ட்ரெங், பண்ணையாள். பி என்றால் பீகா, வேலைக்காரப் பெண். இவர்கள் குடும்பத்தார் இல்லை.

இதில் ஆண்டர்ஸ் பெயரின் மேல் கோடு போட்டு அடித்திருக்கிறது. போதகர் தப்பாக எழுதிவிட்டார் என்று புதியவர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. கோடு போட்டிருந்தால் அந்த ஆள் இந்தப் பக்கத்தை விட்டுப் போய்விட்டார் என்று பொருள், செத்தோ குடிமாறியோ. அதே வரியில் வலப்பக்கமாகக் கண்ணை ஓட்டுங்கள். 'டில் மொஹெதா 45' என்று இருக்கிறது. 1845இல் மொஹெதா பங்குக்குப் போயிருக்கிறார். பங்கின் பெயருக்குப் பதில் வெறும் எண் இருந்தால், இதே புத்தகத்தில் வேறு பக்கத்துக்குப் போயிருக்கிறார். அந்தப் பக்க எண்ணைத் திறந்தால் ஆள் அங்கே நிற்பார். 'ஃப்ரோன்' என்ற கட்டத்தில் எழுதியிருப்பது எங்கிருந்து வந்தார் என்பது. இந்த இரண்டு கட்டங்களையும் பிடித்துக்கொண்டால் ஒருவரைத் தொட்டிலிலிருந்து கல்லறை வரை தொடர்ந்து போகலாம்.

மாயா, 1834 என்பதையும் கவனிக்க வேண்டும். முந்தைய புத்தகத்தில் இதே வீட்டில் மாயா, 1832 என்று ஒரு குழந்தை, சிலுவைக் குறியோடு. இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே சாதாரணம். பாட்டன் பாட்டி பெயரை வைப்பதும் அப்படியே. மறுமணம் செய்துகொண்டவர், இரண்டாம் மனைவிக்குப் பிறந்த முதல் பெண் குழந்தைக்கு இறந்துபோன முதல் மனைவியின் பெயரை வைத்ததையும் பார்க்கலாம். ஆகவே பிறப்புப் பதிவில் மாயாவைக் கண்டதும் நிறுத்திவிடாமல், நீங்கள் தேடும் மாயாதானா என்று சாவுப் பதிவையும் புரட்டிப் பாருங்கள்.

சரி, ஆண்டர்ஸ் பின்னால் போவோம். மொஹெதாவின் பி புத்தகத்தில் 1845இல் வந்தவர்கள் பட்டியலைத் திறந்தால், பண்ணையாள் ஆண்டர்ஸ் நில்சன், ஸ்காட்டெலோவிலிருந்து, இன்ன பண்ணைக்கு, வீட்டுப் பதிவேட்டில் இன்ன பக்கம் என்று இருக்கும். பண்ணையாட்கள் பெரும்பாலும் அக்டோபர் கடைசியில்தான் எஜமானை மாற்றுவார்கள். ஆண்டுக்கொரு வீடு மாறிய ஆளும் உண்டு, பொறுமையாகப் பின்தொடர வேண்டும். நம் ஆள் 1850இல் ஒரு பட்டாளக் குடிசையில் தென்படுகிறார். பெயர் இப்போது ஆண்டர்ஸ் ராஸ்க். நில்சன் எங்கும் இல்லை. பிறந்த தேதியும் ஸ்காட்டெலோவ் என்ற பிறந்த பங்கும் மட்டும் மாறவில்லை. அதை வைத்துத்தான் இவர் அவரே என்று உறுதியாகச் சொல்கிறோம். 1853இல் அவருக்குப் பிறந்த மகள் ஸ்டினா ஆண்டர்ஸ்டோட்டர், 1872இல் வட அமெரிக்காவுக்குப் போனதாகக் குறிப்பு. அங்கே அவள் கிறிஸ்டினா ராஸ்க் என்றோ கிறிஸ்டின் ஆண்டர்சன் என்றோ இருப்பாள். பெயரை மட்டும் தேடியிருந்தால் இந்த மூன்று தலைமுறையும் நம் கையில் சேர்ந்திருக்காது.

பதிவேட்டில் மற்ற கட்டங்களையும் விடாதீர்கள். அம்மை குத்தியது பற்றி ஒரு கட்டம் உண்டு. 1816இல் பெரியம்மைத் தடுப்பூசி கட்டாயமானது. இயற்கையாகவே அம்மை கண்டு பிழைத்தவர் என்றால் அதையும் குறித்திருப்பார்கள். கடைசிக் கட்டம் குறிப்புகளுக்கு. நொண்டி, கண் தெரியாதவர், திருட்டுக்குத் தண்டனை பெற்றவர், ஏழைகள் நிதியிலிருந்து உதவி வாங்குபவர் என்று ஒரு வரியில் ஒரு வாழ்க்கை முழுவதும் அங்கே இருக்கும். இந்த வரிகளுக்காகவே நான் பதிவேட்டைத் திரும்பத் திரும்பத் திறக்கிறேன். பண்ணைக்காரர்களுக்குப் பின்னால், ஊரின் கடைசிப் பக்கங்களில், குடிசைவாசிகளும் அடுத்தவர் வீட்டில் ஒண்டியவர்களும் வருவார்கள். புத்தகத்தின் கடைசியில் இருப்பிடம் தெரியாதவர்களுக்கென்று தனிப் பக்கம். ஆள் திடீரென்று காணாமல் போனால் அங்கே பாருங்கள்.

பிறப்புப் பதிவில் சாட்சிகளைப் படியுங்கள்

குழந்தையைப் பிறந்த எட்டு நாளுக்குள் ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது 1686 சட்டம். அதனால் பெரும்பாலும் இரண்டு தேதி இருக்கும். நமக்கு வேண்டியது பிறந்த தேதி. பழைய புத்தகங்களில் ஞானஸ்நானத் தேதி மட்டும் இருப்பதுண்டு. அப்புறம் அப்பா, அம்மா, ஊர், அம்மாவின் வயது. அதற்கும் கீழே ஞானஸ்நானச் சாட்சிகள். புதியவர்கள் இவர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாட்சிகள் பெரும்பாலும் அத்தை, மாமா, சித்தப்பா, பக்கத்துப் பண்ணைக்காரர். அம்மாவின் பிறந்த ஊர் தெரியவில்லையா? சாட்சியாக நின்ற 'யோஹான் ஆண்டர்சன்' எந்த ஊர் என்று பாருங்கள். அம்மா ஆண்டர்ஸ்டோட்டர் என்றால் அவர் தாய்மாமனாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

திருமணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்குப் பக்கத்தில் ஓவும், இரண்டு புள்ளி வைத்த ஏவும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அப்பா பெயர் எழுதாமலே விட்டிருக்கலாம். 1778இல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் ஒரு ஆணை போட்டார். பிள்ளை பெறும் பெண் தன் பெயரைச் சொல்லாமலே பெற்றுக்கொள்ளலாம் என்று அது அனுமதித்தது. சிசுக்கொலையைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆகவே 'தாய் தெரியாதவர்' என்று இருந்தால் அது போதகரின் அலட்சியம் அல்ல. அப்படி ஒரு குழந்தையை எடுத்து வளர்த்த வீட்டைத்தான் பதிவேட்டில் தேட வேண்டும்.

கையெழுத்தையும் தேதியையும் பழகுவது

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை போதகர்கள் பலரும் ஜெர்மானிய கோதிக் எழுத்தில் எழுதினார்கள். சின்ன 'ஈ' எழுத்து 'என்' மாதிரி இருக்கும். 'யு' எழுத்தின் மேல் குட்டி வளைவு போட்டிருந்தால்தான் அது 'யு'. 'எஸ்' நீளமாகக் கீழே இறங்கும். ஆனால் அதே போதகர் ஆள் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் லத்தீன் எழுத்தில் தெளிவாக எழுதியிருப்பார். புரியாத பக்கத்தில் முதலில் ஆள் பெயர்களைப் பிடியுங்கள். ஆண்டர்ஸ், மரியா, கத்தரீனா என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர்களிலிருந்து அந்த ஆளின் எழுத்து வடிவங்களை ஒரு தாளில் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை வாசிக்க முடியாவிட்டால் அந்தப் பங்கின் ஊர்ப் பட்டியலையோ பழைய வரைபடத்தையோ பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஊகித்து எழுத வேண்டாம். புதிய காலத்திலிருந்து பழைய காலத்துக்கு ஒவ்வொரு புத்தகமாகப் பின்னால் போவது நல்லது. எழுத்து மெல்ல மெல்லக் கடினமாகும், கண்ணும் அதோடு பழகிவிடும். 1906 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு 'வி' ஒலியைப் பல சொற்களில் 'எஃப்வி' என்றும் 'ஹெச்வி' என்றும் எழுதினார்கள், அதையும் மனதில் வையுங்கள். ஏ, ஓ எழுத்துகளின் மேலுள்ள வட்டமும் புள்ளிகளும் அலங்காரம் அல்ல, அவை தனி எழுத்துகள். அகரவரிசையில் கடைசியில் வரும். பட்டியலில் தேடும்போது அங்கே போய்ப் பாருங்கள்.

தேதியில் நாள் முதலில், மாதம் அடுத்து. 12, கோடு, 3 என்றால் மார்ச் 12. மாதப் பெயருக்குப் பதில் எண்ணை வைத்து '7பிஆர்' என்று இருந்தால் ஜூலை என்று வாசிக்காதீர்கள். லத்தீனில் செப்டெம் ஏழு, ஆகவே அது செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் தேதியே இல்லாமல் 'திரித்துவத்துக்குப் பின் மூன்றாம் ஞாயிறு' என்று திருநாள் கணக்கு வரும். அந்த ஆண்டு ஈஸ்டர் என்றைக்கு என்று பார்த்துக் கணக்கிட வேண்டும், இணையத்தில் அதற்கான கணிப்பான்கள் உண்டு. 1753இல் ஸ்வீடன் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது பிப்ரவரி 17க்கு அடுத்த நாள் மார்ச் 1. இடையில் உள்ள தேதிகளில் யாரும் பிறக்கவோ இறக்கவோ முடியாது. 1712இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளே இருந்தது. அந்தத் தேதியைப் பார்த்தால் திருத்திவிடாதீர்கள், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கண்டதை எழுதிவைக்கும் முறை

பார்த்த ஒவ்வொரு செய்திக்கும் பங்கின் பெயர், மாவட்டம், புத்தகக் குறியீடு, ஆண்டுகள், பக்க எண் இவ்வளவையும் எழுதுங்கள். ஸ்காட்டெலோவ், க்ரூனுபெரி மாவட்டம், ஏ வரிசையில் இத்தனையாவது புத்தகம், 1841 முதல் 1845, இன்ன பக்கம் என்று. இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தை மறுபடி தேடிக்கொண்டிருப்பீர்கள். பெயரைப் போதகர் எழுதியபடியே எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த பொதுவான வடிவத்தைத் தனியாக ஒரு கட்டத்தில் வையுங்கள். வீட்டுப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியைப் பிறப்புப் பதிவோடு ஒப்பிடாமல் ஏற்க வேண்டாம். புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குப் பெயர்த்து எழுதும்போது 3ஐ 8 என்றும், ஸ்டினாவைத் தங்கையின் தேதியோடும் எழுதிவிடுவது நடந்திருக்கிறது.

புத்தகமே இல்லாத இடங்களும் வரும். போதகர் வீடு தீப்பிடித்து மொத்தமும் எரிந்துபோன பங்குகள் பல. அப்போது சொத்துப் பட்டியலைத் தேடுங்கள், ஸ்வீடிஷில் பூஉப்டெக்னிங். 1734 சட்டப்படி ஒருவர் இறந்தால் அவர் விட்டுச்சென்ற நிலம், மாடு, கரண்டி, போர்வை வரை விலைபோட்டு எழுதி நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். ஏழைகள் பலருக்கு எழுதாமலே விட்டிருக்கலாம், ஆனால் எழுதியிருந்தால் அதன் முதல் பத்தியில் வாரிசுகள் எல்லோரும் இருப்பார்கள். வயதுக்கு வந்த பிள்ளைகள் பெயரோடு, சின்னப் பிள்ளைகள் வயதோடு, கட்டிக்கொடுத்த பெண்கள் கணவன் பெயரோடும் அவர்கள் வாழும் ஊரோடும். அந்த ஊர்களின் பங்குகளில் புத்தகம் எரியாமல் இருந்தால், மகள்களைப் பிடித்து அங்கிருந்து தேடலைத் தொடரலாம்.